தனியாக ஒரு நாள் திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையில் தொடங்கும் வழி

திருவனந்தபுரத்துக்கு முதல் முறை தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிவாக்கில், ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் இருக்கும் தம்பானூரில் இறங்கி, முதுகில் பையோடு நேராகப் பத்மநாபசுவாமி கோயில் வாசலுக்குப் போய் நிற்பார்கள். பை கூடாது, செல்போன் கூடாது, பேண்ட் கூடாது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதையெல்லாம் சரிசெய்துவிட்டு வருவதற்குள் நடை அடைத்திருக்கும். சரி, அரண்மனையாவது பார்க்கலாம் என்று போனால் அங்கே மதிய இடைவேளை. நகரத்தின் பழைய பகுதி முழுவதும் கோயில் நடை திறந்து அடைக்கும் நேரத்தை ஒட்டித்தான் நடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் ஒரே நாளில் நிறைவாகப் பார்த்துவிடலாம். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் இருக்கும் நமக்கு அது ரொம்பவே சுலபம்.

1. முதலில் நாளைப் பாருங்கள்

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். குதிரைமாளிகை அரண்மனை, மியூசியம் இரண்டுமே விடுமுறை. புதன்கிழமை காலையில் மியூசியம் திறக்காது. செவ்வாய், வியாழன், வெள்ளியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் வரும். அன்று கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டையைச் சுற்றி எல்லாத் தெருவிலும் செங்கல் அடுப்புத்தான், லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுவார்கள். அந்தக் காட்சிக்காகவே போவதென்றால் தாராளமாகப் போங்கள். ஊர் சுற்ற அது நாளில்லை. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் திருவிழா, சுவாமி நீராடும் ஆறாட்டோடு முடியும். சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் போகிறார். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைப்பார்கள். விமானத்தில் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

2. விடியும்போதே கிளம்புங்கள்

நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர்தான். அதிகாலை ரயில் கிடைத்தால் அதுவே நல்லது. பேருந்து என்றால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வண்டிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். களியக்காவிளை போய்விட்டால் அங்கிருந்து கேரள அரசுப் பேருந்து வந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்குள் தம்பானூரில் இருப்பதுதான் குறி.

3. பையை இறக்கிவையுங்கள்

தம்பானூர் ரயில் நிலையத்தில் பொருட்களை வைக்கும் அறை உண்டு, 'க்ளோக் ரூம்' என்று கேட்டால் காட்டுவார்கள். பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். ஜிப் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற சின்னப் பூட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போங்கள். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

தோளில் ஒரு துணிப்பை போதும். அதற்குள் ஒரு வேட்டி, தண்ணீர் பாட்டில், பத்து இருபது ரூபாய் நோட்டுகள். காலுக்கு ஷூ வேண்டாம், செருப்புதான் சரி. அன்றைக்குப் பல இடத்தில் கழற்ற வேண்டியிருக்கும்.

4. கோயில்

தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நடந்தே போங்கள். வழியில் பழவங்காடி கணபதி கோயில். ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் கோயில் இது. தேங்காய் உடைபடும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. ஆண்கள் வேட்டி கட்ட வேண்டும், மேலே சட்டை கூடாது. பெண்கள் சேலையோ பாவாடையோ உடுத்தலாம். சுடிதாரில் வந்தவர்கள் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்கிறார்கள். செல்போனையும் துணிப்பையையும் வெளியே இருக்கும் கவுண்டரில் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். காலையில் நடை ஒரே மூச்சாகத் திறந்திருக்காது. பூஜைக்கு அடைத்து அடைத்துத் திறப்பார்கள், நண்பகலோடு முடிந்துவிடும். பிறகு மாலை ஐந்து மணிக்குத்தான். எட்டரை மணி வரிசையில் நின்றுவிட்டால் கவலையில்லை.

உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் சன்னிதியில் கிடைப்பது சில நொடிகள்தான். ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறியதும் எதிரே மூன்று வாசல்கள். அனந்தன் மேல் 18 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் காண முடியாது. இடப்பக்க வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் தாழ்ந்திருக்கும் வலது கையும். நடு வாசலில் நாபியிலிருந்து எழும் தாமரை, அதன்மேல் பிரம்மா. வலப்பக்க வாசலில் திருவடி. விளக்கு வெளிச்சம் மட்டும்தான், வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அதனால் வரிசையில் நிற்கும்போதே இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள்.

12,008 சாளக்கிராமங்களை உள்ளே வைத்து, கடுசர்க்கரை என்ற பூச்சால் உருவான மூர்த்தி இது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோயிலைப் புதுப்பித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, 1750-இல் நாட்டையே பெருமாளுக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசனாக இருந்து ஆண்டார். நம்மாழ்வார் பாடிய தலம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

5. மேத்தன் மணி

வெளியே வந்ததும் பத்மதீர்த்தக் குளத்தை நோக்கிய பழைய கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள். கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு மனித முகம், இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடா. மணி அடிக்கும்போது அந்த வாய் திறக்கும், கிடாக்கள் இரண்டும் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். பத்து மணி என்றால் பத்து முட்டு. முழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நில்லுங்கள், சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

6. குதிரைமாளிகை

கோயிலை ஒட்டியே இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. மேல்தளக் கூரையைத் தாங்கும் இடத்தில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்பதால் இந்தப் பெயர். சீட்டு வாங்கினால் வழிகாட்டி கூட்டமாக அழைத்துப்போவார், உள்ளே படம் எடுக்கக் கூடாது. தனியாக வந்தவர்கள் வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடங்கள், கேள்வி கேட்க வசதியாக இருக்கும். மதியம் மூடிவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் நுழைந்துவிடுங்கள்.

முன்னால் இருக்கும் நவராத்திரி மண்டபத்தை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். சரஸ்வதி வந்து அமரும் இடம் இந்த வளாகம்தான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் பிறகும் இந்த ஊர்வலம் நிற்கவில்லை. எனக்கு இந்த நகரம் அயலூராகத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

7. சாலைக் கடைத்தெரு

கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாசன். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சுமை தூக்கி வருபவர்கள் 'வழி, வழி' என்று குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிடுங்கள். அவர்களுக்கு நிற்க நேரமில்லை.

மொழி பற்றிப் பயமே வேண்டாம். இங்கே வியாபாரம் செய்பவர்களில் தமிழர்கள் நிறைய. பூக்கடையில் நின்று, "அண்ணே, தோவாளைப் பூவா?" என்று கேட்டுப் பாருங்கள், ஊர்ப் பேச்சு தொடங்கிவிடும். பூக்கடை, பித்தளைப் பாத்திரம், வெற்றிலை, மசாலா என்று பகுதி பகுதியாக வாசனை மாறும். பாலராமபுரம் கைத்தறி வேட்டி வாங்க விரும்பினால் கசவை, அதாவது ஜரிகைக் கரையை, விரலால் தடவிப் பார்த்து, நிதானமாக நான்கு கடை ஏறி இறங்குங்கள்.

இன்னும் உள்ளே நடந்தால் ஆரியசாலை, வலியசாலை. தமிழ் அக்ரஹாரத் தெருக்களும் மகாதேவர் கோயிலும் அங்கே. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று சொல்பவர்கள் பலர். வரலாற்றில் ஆசை இருந்தால் இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

8. சாப்பாடு

ஒரு மணிக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிடுங்கள். சிவப்பரிசிச் சோறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளைச் சோறு என்று கேட்டு வாங்கலாம். டம்ளரில் இளஞ்சிவப்பாக வருவது பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், தைரியமாகக் குடியுங்கள். சைவச் சாப்பாட்டில் போளியின் மேல் பாயசம் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

9. பிற்பகல்: பாளையம், மியூசியம்

கிழக்கேகோட்டையிலிருந்து பாளையம் வழியாகப் போகும் பேருந்து ஏறுங்கள். பலகை மலையாளத்தில் இருந்தால் கண்டக்டரிடம், "சேட்டா, மியூசியம் போகுமா?" என்றால் போதும். பாளையத்தில் இறங்கினால் பள்ளிவாசல், கணபதி கோயில், தேவாலயம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். அங்கிருந்து மியூசியம் நடக்கும் தூரம்தான்.

நேப்பியர் மியூசியம் 1880-இல் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம்தான் இதையும் வடிவமைத்தார். உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று வந்து கூரையையும் வண்ணப் பட்டைகளையும் பாருங்கள். அதே வளாகத்தில் ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. மிருகக்காட்சி சாலையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், கால் தாங்காது.

10. திரும்புவது

ஆறு மணிக்குள் தம்பானூர் வந்துவிடுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கோபுரத்தில் இந்தியன் காபி ஹவுஸ். தரை வட்டமாக ஏறிக்கொண்டே போகும், மேசைகளும் கூடவே ஏறும். ஒரு காபி, ஒரு கட்லெட். அப்புறம் சீட்டைக் காட்டிப் பையை வாங்குங்கள். நாகர்கோவில் வண்டியில் கூட்டம் அதிகமாக இருந்தால் களியக்காவிளை வண்டியில் ஏறிவிடுங்கள். அங்கிருந்து மார்த்தாண்டம் பக்கம் போக இரவிலும் பேருந்து உண்டு.