பாடசாலை மதிலுக்கு வெளியே புல் வெட்டுவது எப்படி? மெஷின் பிடிக்கப் புதிதாக வந்தவர்களுக்கு

மாரி ஓய்ந்து தை பிறக்கிற நேரம் யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலை மதிலின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாலும் இடுப்பளவுக்குப் புல் நிற்கும். மைதானத்துப் புல்லை வெட்டுவது ஒரு வேலை, ரோட்டுக்கரைப் புல்லை வெட்டுவது வேறொரு வேலை. ஆனால் புதிதாக வருகிற சிற்றூழியரிடம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள்: "தம்பி, உள்ளுக்கு முடிஞ்சதும் அப்பிடியே வெளியாலயும் ஒருக்கா அடிச்சு விடும்."

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம், தோளில் பட்டி மாட்டிப் பிடிக்கிற நீளத்தண்டுப் புல்வெட்டு மெஷினோடு தனியாகத்தான் போனேன். புல்லுக்குள் கிடந்த சல்லிக்கல் ஒன்று பறந்து போய், வந்துகொண்டிருந்த ஓட்டோவின் முன்கண்ணாடியில் அடித்து, கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை மாதிரி வெடித்துவிட்டது. பின் சீற்றில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஓட்டோக்கார அண்ணை இறங்கி வந்து என் தோளில் தட்டும்வரை எனக்கு ஒன்றுமே தெரியாது, நான் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே நின்றேன். ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மெஷின் பிடிக்கிறவருக்குக் காது கேட்காது, கண் புல்லிலேயே இருக்கும். அவருக்குப் பதிலாகக் கேட்கவும் பார்க்கவும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கீழே இருப்பதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் முறை.

1. துணைக்கு ஓர் ஆள்

ஆள் இல்லை என்றால் வெளிப்பக்கம் போகாதீர்கள். அதிபரிடம் நேரே சொல்லுங்கள்: "சேர், உள்ளுக்கு நான் தனியச் செய்வன், ரோட்டுக்கரைக்கு இன்னொராள் வேணும்." மறுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கல் பறந்து யாருக்காவது பட்டால் பதில் சொல்ல வேண்டியது அவரும்தான், அதனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காவலாளி, இன்னொரு சிற்றூழியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் யாராவது, யாரானாலும் சரி. மாணவரை மட்டும் கூப்பிட வேண்டாம், உயர்தரம் படிக்கிற பெரிய பிள்ளையாக இருந்தாலும் வேண்டாம்.

பாடசாலை ஏ9 கண்டி வீதி போன்ற பெரிய வீதியோரம் என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ள இடம். அங்கே தொடங்குவதற்கு முன் அதிபர் மூலமாக அவர்களிடமோ போக்குவரத்துப் பொலிசாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. ஒழுங்கை என்றால் பிரதேச சபை அல்லது மாநகர சபை.

2. நேரம் பார்ப்பது

காலை 7.30க்கு முன்னும் பாடசாலை விடுகிற நேரத்திலும் ரோட்டில் பிள்ளைகள்தான். ஆகவே வெட்டுவதற்கு ஏற்றது காலை 8.30 முதல் 10.30 வரை. வெயிலும் அவ்வளவு ஏறியிருக்காது. சனிக்கிழமை ரோடு வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் டியூட்டரி இருந்தால் பள்ளிக்கூட நாளை விடவும் சைக்கிள் கூட. மழை பெய்து அரைமணி நேரம்கூட ஆகாத புல்லில் இறங்க வேண்டாம், வாய்க்கால் கரை வழுக்கும்.

3. உடுப்பு

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, றப்பர் செருப்போடு மெஷின் பிடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தடித்த ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்திரை. முகத்திரை மட்டும் போதாது, மதிலில் பட்டுத் திரும்புகிற கல் கீழ்ப்பக்கத்தால் உள்ளே வரும்.

காதடைப்பான் கட்டாயம். இந்த மெஷின்களின் சத்தம் பிடிப்பவரின் காதில் 100 டெசிபல் அளவுக்குப் போகும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் நிற்கலாம் என்பது ஒரு கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். காது ஒரே நாளில் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது.

ஒளி தெறிக்கிற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் அங்கி இரண்டு பேருக்கும் வேண்டும். துணைக்கு நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும். அவருக்கு ஒரு சிவப்புக் கொடி கொடுங்கள், இல்லாவிட்டால் தடியில் கட்டிய சிவப்புத் துணி.

4. மெஷினைப் பார்ப்பது

ரோட்டுக்கரைக்கு இரும்பு பிளேட் போட வேண்டாம், தங்கூசிதான் (நைலோன் நூல்). பிளேட் கல்லிலோ கட்டையிலோ பட்டால் மெஷினையே பக்கவாட்டில் தூக்கி எறியும், அதோடு பிளேட்டே உடைந்து பறக்கவும் கூடும். அதைவிட ஆபத்தான ஒரு பழக்கம் இருக்கிறது. தங்கூசி அடிக்கடி தேய்கிறது, காசு போகிறது என்று அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியையோ சைக்கிள் பிரேக் கேபிளையோ மாட்டி விடுவார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். தங்கூசி நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் நீண்டு, நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 450 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தங்கூசி நுனி அறுந்தால் சின்னத் துண்டு நைலோன், கம்பி நுனி அறுந்தால் துப்பாக்கிச் சன்னம். யார் சொன்னாலும் கம்பி மாட்டாதீர்கள்.

தங்கூசிக்கு மேலே இருக்கிற பிளாஸ்ரிக் காப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டுகிறவர்களும் உண்டு, புல் சிக்குகிறதாம். சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, எடுத்துவிடுங்கள். அந்தக் காப்பு உங்கள் காலுக்குத்தான்.

பெற்றோலும் ஒயிலும் எவ்வளவு கலப்பது என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றுங்கள், ஊற்றிய இடத்திலேயே ஸ்ராட் பண்ணாமல் மூன்று மீற்றராவது தள்ளி வாருங்கள். சோடாப் போத்தலில் பெற்றோல் வைக்கவே வேண்டாம், பாடசாலையில் தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. நடந்து பார்த்துப் பொறுக்குவது

மெஷினை மதிலோடு சாத்திவிட்டு, கையில் ஒரு நீளத் தடியும் சாக்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக முழுத் தூரத்தையும் நடந்து பாருங்கள். தடியால் புல்லைத் தட்டிக்கொண்டே போங்கள். புடையனும் சுருட்டையும் எங்கள் பக்கத்தில் இருக்கிற பாம்புகள். தடி தட்டுகிற அதிர்வுக்குப் பெரும்பாலும் விலகிப் போய்விடும், ஆனால் புடையன் அசையாமல் படுத்தே கிடக்கவும் கூடும். ஆகவே கையை விட்டுத் துழாவக் கூடாது, சாமானைத் தடியால் வெளியே இழுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் பொறுக்கியதைச் சொல்கிறேன்: ரோடு போட்டபோது மிஞ்சிய சல்லி, உடைந்த சாராயப் போத்தல், பதாகை கட்டிய கம்பி, பழைய வேலியின் முட்கம்பி, பனங்கொட்டை. பனங்கொட்டையைப் பலரும் பெரிதாக எடுப்பதில்லை, சிதறி அடித்தால் முழங்கால் வீங்கும். எடுக்க முடியாத எல்லைக்கல், தண்ணீர் மீற்றர், மின்கம்பத்தின் இழுவைக் கம்பி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பூவரசிலோ கிளுவையிலோ குளவிக்கூடு, முசுற்றுக்கூடு இருக்கிறதா என்று தலையை நிமிர்த்தியும் பாருங்கள்.

பார்த்தீனியம் நின்றால் அதை மெஷினால் அடிக்க வேண்டாம். தோலில் பட்டால் சொறியும், தூளை மூச்சோடு இழுத்தால் தும்மலும் இழுப்பும் வரும். முகத்தைக் கட்டி, கையுறை போட்டு, பூக்க முன்பே வேரோடு பிடுங்குங்கள்.

இன்னொன்று, இதை எங்கள் மண்ணில் சொல்லாமல் விட முடியாது. மழைக்கு மண் கரைந்து, என்னவென்று தெரியாத இரும்போ குழாயோ வெளியே தெரிந்தால் அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம், தொட வேண்டாம், தடியால் தட்டியும் பார்க்க வேண்டாம். வந்த அடியிலேயே திரும்பி வந்து, ஆட்களை விலக்கி, 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான்.

6. ரோட்டுக்கு அறிவிப்பு

வாகனம் வருகிற பக்கம், நீங்கள் வெட்டும் இடத்துக்கு 30, 40 மீற்றர் முன்னாலேயே கோன் வையுங்கள். கோன் இல்லாவிட்டால் பழுதான லொறிக்குப் பின்னால் வைப்பது போலக் குழை முறித்து வைக்கலாம். கல் வைக்காதீர்கள், எடுக்க மறந்தால் இரவில் மோட்டார் சைக்கிள்காரர் விழுவார். நாற்றுமேடைக்குக் கட்டுகிற பச்சை வலையை இரண்டு மீற்றர்ச் சட்டத்தில் அடித்து, ரோட்டுப் பக்கமாக நிறுத்தி, வெட்ட வெட்ட நகர்த்திக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நாங்கள் இரண்டு கம்புச் சட்டம் செய்து வைத்திருக்கிறோம், செலவு பெரிதாக இல்லை.

7. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது

இதைத்தான் ஆறுதலாக வாசிக்க வேண்டும். நீளத்தண்டு மெஷின்களில் பெரும்பாலானவை, பிடிப்பவர் மேலிருந்து பார்க்கும்போது, கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றும். வெட்டிய புல்லும் கல்லும் பெரும்பாலும் உங்கள் இடப்பக்கம் போகும். உங்கள் மெஷின் எப்படி என்று மைதானத்தின் நடுவில் ஐந்து நிமிடம் வெட்டிப் பாருங்கள், புல் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம்தான் கல்லும் போகும்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் ஓடுகிறது. வாகனத்தைப் பார்த்தபடி நின்றால் ரோடு உங்கள் இடப்பக்கம் வரும், கல்லும் ரோட்டுக்குத்தான் போகும். நான் ஓட்டோக் கண்ணாடியை உடைத்தது அப்படி நின்றுதான். திரும்பி நின்றால் ரோடு வலப்பக்கம், மதில் இடப்பக்கம், கல் மதிலில் அடிக்கும். ஆனால் வாகனம் உங்கள் முதுகுப் பக்கத்தால் வரும். தனி ஆளாக இதற்கு வழியே கிடையாது.

இரண்டு பேர் என்றால் வழி இருக்கிறது. மதிலை இடப்பக்கம் வைத்து நீங்கள் வெட்டுங்கள். துணையாள் உங்களுக்கு முன்னால், குறைந்தது 15 மீற்றர் தள்ளி, ரோட்டில் ஏறாமல், உங்களைப் பார்த்தபடி நிற்கட்டும். உங்கள் முதுகுப் பக்கத்தால் வருவது அவருக்குத் தெரியும், அவர் முதுகுப் பக்கத்தால் வருவது உங்களுக்குத் தெரியும். அவர் பின்னால் நின்று கத்தினால் காதடைப்பானுக்குள் கேட்காது, தோளில் தட்ட வந்தால் நீங்கள் திடுக்கிட்டு மெஷினோடு திரும்புவீர்கள், அவர் காலில் அடிக்கும். முன்னால் நின்றால் கொடி தூக்கினாலே போதும். ஒவ்வொரு வீச்சு முடிவிலும் தலையை நிமிர்த்தி அவரைப் பாருங்கள், ஒரு நாளில் பழகிவிடும்.

கொடியை எப்போது தூக்குவது? மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் வரும். நீங்கள் கொடியைக் கண்டு விசையை விட்டு, தங்கூசி சுற்றி ஓய நாலு விநாடி எடுக்கும். அதற்குள் வாகனம் 55 மீற்றர் வந்துவிடும். ஆகவே உங்களிடமிருந்து 80 எட்டுத் தூரத்தை நடந்து அளந்து, அங்கே ஒரு மரத்தையோ படலையையோ அடையாளம் வைத்து, வாகனம் அதைத் தாண்ட முன் கொடி மேலே போக வேண்டும். வளைவு இருந்து 80 எட்டுத் தூரம் தெரியாவிட்டால் வளைவில் மூன்றாவது ஆள். நடந்து வருகிறவர், சைக்கிள், ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் இதே 15 மீற்றர்தான், உள்ளே வந்தால் நிறுத்த வேண்டும். சிலர் அவசரம் என்று முறைப்பார்கள், பரவாயில்லை.

8. வெட்டுவது

பட்டியை உடம்புக்கு அளவாகப் போட்டு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வீசுங்கள். உயரப் புல்லை ஒரேயடியாக அடியில் வெட்டாமல் மேல்பாதி, பிறகு கீழ்ப்பாதி. நிலத்தை உரசக் கூடாது, நாலு விரல் உயரம் விட்டாலே கல் கிளம்புவது பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். தார் ஓரத்து ஒரு முழப் புல்லுக்கு மெஷின் வேண்டாம், வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்து உழவாரையால் செதுக்கிவிடுங்கள். மதகுக்கு மேலும் வாய்க்கால் விளிம்பிலும் அப்படித்தான்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்து, ஆள் மாறுங்கள். கொடி பிடித்தவர் மெஷினும், மெஷின் பிடித்தவர் கொடியும். விரல் விறைத்தாலோ வெளுத்தாலோ அதிர்வு கூடிவிட்டது, அன்றைக்கு மெஷின் போதும்.

9. ஏதும் நடந்தால்

1990 இலவச அம்புலன்ஸ். இலக்கத்தை இரண்டு பேரின் போனிலும் பதிந்து வையுங்கள், பாடசாலையின் பெயரோடு பக்கத்துச் சந்தியின் பெயரையும் சொல்லப் பழகுங்கள். பாம்பு கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, கடித்த இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் இழுக்கக் கூடாது, கசக்கக் கூடாது, ஒரு பேப்பர்க் கப்பால் மூடிக் கொண்டுபோக வேண்டும். சின்னக் காயமானாலும் அன்றைக்கே அதிபரிடம் சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

10. முடிக்கும்போது

தாரில் விழுந்த புல்லைக் கூட்டி எடுங்கள், பச்சைப்புல்லில் மோட்டார் சைக்கிள் வழுக்கும். வாய்க்காலுக்குள் தள்ள வேண்டாம், அடுத்த மழைக்கு வெள்ளம் பாடசாலைக்குள்தான் வரும். மெஷின் ஆறியதும் துடைத்து, தங்கூசி எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, பெற்றோல் கானைப் பிள்ளைகளுக்கு எட்டாத அறையில் பூட்டுங்கள். கோனையும் குழையையும் பாடசாலை விடுகிற மணிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், கடைசிக் கோனை எடுக்கும்வரை கொடி பிடிக்கிறவர் அங்கேயே நிற்கட்டும்.