எஃகு இலக்குத் தகடு: தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம்

துப்பாக்கிப் பயிற்சிக்கு எஃகுத் தகடு வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது தடிமனைத்தான். கேட்க வேண்டியது கடினத்தன்மையை. உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் சாதாரண மைல்ட் ஸ்டீல் ஏறக்குறைய 120 முதல் 150 வரை. இலக்குக்கென்றே விற்கப்படும் ஏஆர்500 தகட்டில் அது சுமார் 500. மைல்ட் ஸ்டீல் எவ்வளவு தடியாக இருந்தாலும், ரைஃபிள் தோட்டா பட்ட இடம் கிண்ணம்போலக் குழிந்துவிடும்.

வினையே அந்தக் குழிதான். வழவழப்பான கடினப் பரப்பில் மோதும் ஈயத் தோட்டா நொறுங்கி, தகட்டை ஒட்டியே நாலாபுறமும் சிதறும். குழிக்குள் விழுந்தாலோ, அதன் வளைவைப் பிடித்துக்கொண்டு சில்லுகள் சுட்டவர் பக்கமே திரும்பி வரும். ஏஆர்500 என்றால் கைத்துப்பாக்கிக்கு 3/8 அங்குலமே தாராளம்.

சரி, நல்ல தகடு வாங்கியாயிற்று. அதை கேஸ் கட்டரால் வெட்டி, சுடும் முகத்திலேயே கொக்கியை வெல்டிங் செய்து கெடுப்பவர்களும் உண்டு. சூடு ஏறிய இடம் மென்மையாகிவிடும். அப்புறம் குழி விழுவது அங்கேதான். சூடேற்றாமல் நீரைப் பாய்ச்சி அறுக்கும் வாட்டர்ஜெட்டில் வெட்டியதாக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. முகத்தில் துருத்தி நிற்கும் போல்ட் தலையும் சில்லைக் கண்ட திசைக்குத் திருப்பும்.

தகட்டை அசையாமல் செங்குத்தாக நட்டு வைப்பது இன்னொரு தவறு. மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சற்றுச் சாய்ந்து, அடி வாங்கினால் ஆடும்படி தொங்கவிட்டால் சில்லுகள் பெரும்பாலும் தரைக்குப் போகும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 மீட்டர், ரைஃபிளுக்கு 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சில்லு அதிகம் பறப்பதே அந்தப் பக்கம்தான்.

எஃகு உள்ளீடு கொண்ட தோட்டாக்கள் ஏஆர்500-ஐயும் குழியாக்கும். நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாய்பவையும் அப்படியே. ஏர்கன்னின் எஃகுக் குண்டு, விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தாலும், நொறுங்காமல் அப்படியே எகிறி வரும். அதை எஃகின் மேல் சுடவே கூடாது.

பழைய தகடு மலிவாக வருகிறதா? புதுப் பெயின்ட்டை நம்பாமல் முகத்தைத் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.