மதுரையில் பழைய லோகோ ஷெட்டைப் பார்க்க விரும்புவோருக்கு

தாத்தா ரயில்வேயில் இருந்தவர் என்ற உரிமையோடு அரசரடிப் பக்கம் ரயில்வே காலனியைத் தேடி வரும் வெளிநாட்டுத் தமிழர்கள், ரயில் இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையான லோகோ ஷெட்டையும் பார்க்க விரும்பினால், விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும். ரயில்வே வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஆகவே வரும் நாள், உடன் வருவோர் விவரம், கடவுச்சீட்டு நகல் ஆகியவற்றுடன் மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வாசலில் நிற்கும் காவலரிடம் கெஞ்சி உள்ளே போவது அவருடைய வேலைக்கு உலை வைப்பதாகும்.

நீராவிக் காலத்து ஷெட் எதுவானாலும், கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அடுப்பை முழுதும் அணைத்துவிட்டால் மீண்டும் நீராவி எழப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், பயணிகள் ரயிலை இழுத்த ஒய்.பி., சரக்கு ரயிலை இழுத்த ஒய்.ஜி. போன்ற மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) இன்ஜின்கள் ஷெட்டுக்குள் நிற்கும்போதும் புகைந்துகொண்டே இருக்கும். கூரை அத்தனை உயரமாக எழுந்ததும், முகட்டில் நீளத் திறப்பு விடப்பட்டதும், தண்டவாளத்துக்கு நேர் மேலே புகைக்கூண்டுகள் அமைக்கப்பட்டதும் அந்தப் புகைக்காகத்தான். கரிப்புகையிலுள்ள கந்தகம் இரும்பை அரிப்பதால், சுவர் பழையதாகவும் கூரை பிற்காலத்ததாகவும் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள குழி, ஃபிட்டர் கீழே இறங்கி இன்ஜினின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்கானது. சாம்பல் தட்டும் குழி தனியே வெளியில் இருக்கும். வட்டமான பெரிய பள்ளம் தென்பட்டால், அது இன்ஜினைத் திசை திருப்பும் சுழல்மேடை இருந்த இடமாக இருக்கலாம். எடை சரியாகச் சமன்பட்டால் சில ஆட்களே அதைத் தள்ளிச் சுழற்றிவிடுவார்கள். என் கணக்கில் ஷெட்டின் மிக அழகான பகுதி அதுதான்.

டீசல் வந்ததும் இவற்றில் பெரும்பாலானவை வேலையிழந்தன. அகலப்பாதை வந்ததும் மதுரையில் மீட்டர் கேஜும் போயிற்று. போடிநாயக்கனூர்ப் பாதையில் மட்டும் அது 2010 இறுதிவரை நீடித்தது. 2023 முதல் அகலப்பாதையில் போடி வரை ரயில் ஓடுகிறது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையிலான கணவாய்க்காகவே அதில் ஒருமுறை போகலாம்.

அனுமதி கிடைக்காவிட்டால், 2014இல் திறக்கப்பட்ட திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டிக்கொடுத்த பொன்மலைப் பணிமனை இருப்பதும் அந்த ஊரில்தான். ஷெட்டைப் பார்க்கத் தை, மாசி மாதங்களின் காலை வேளை ஏற்றது. ஷெட்டுக்குள் எண்ணெய் படிந்த தரை வழுக்கும் என்பதால் செருப்பைத் தவிர்த்து மூடிய காலணி அணியுங்கள். குழிகளின் ஓரத்தில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.