பிக்கப்பைப் பார்த்து டிஐ பாக்ஸ் எடுங்கள்

கிட்டாரின் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகத்தை, நேராக மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் செருகினால் சத்தம் வரும், உயிர் இருக்காது. நீளமான ஜாக் கேபிள் என்றால் இரைச்சலும் கூடவே வரும். கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சிறு பெட்டிதான் டிஐ பாக்ஸ். இரைச்சலை ஏறக்குறைய எந்த டிஐ பாக்ஸும் குறைத்துவிடும். ஓசை கெடாமல் இருக்கத்தான் பொருத்தமான டிஐ வேண்டும்.

பவர் தேவைப்படாத பாசிவ் டிஐக்குள் இருப்பது பெரும்பாலும் 12:1 டிரான்ஸ்ஃபார்மர். மிக்ஸர் மைக் உள்ளீட்டின் மின்தடை (இம்பீடன்ஸ்) 1.5 கிலோ ஓம் என்றால் பிக்கப்புக்கு அது 144 மடங்காக, சுமார் 216 கிலோ ஓமாகத் தெரியும். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸுக்கும் கீபோர்டுக்கும் இது தாராளம். பேட்டரி இல்லாத காந்த பிக்கப்புக்கு 1 மெகா ஓம் உள்ளீடுள்ள, பவரில் இயங்கும் ஆக்டிவ் டிஐதான் நல்லது. இல்லையென்றால் மேல் அலைவரிசைகள் மழுங்கும்.

அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் பீசோ பிக்கப்பில் கதை தலைகீழ், போவது அடிநாதம். பீசோ மின்சுற்றில் ஒரு சின்னக் கெபாசிட்டர் மாதிரி. 500 பிகோஃபாரட் பீசோவை அந்த 216 கிலோ ஓமில் செருகினால் சுமார் 1,500 ஹெர்ட்ஸிலிருந்தே கீழே சரியத் தொடங்கும். வயலின் தகர டப்பா போலக் கேட்பது இதனால்தான். 1 மெகா ஓமில் அந்த எல்லை 320 ஹெர்ட்ஸ், 10 மெகா ஓமில் 32 ஹெர்ட்ஸ். ப்ரீஆம்ப் (கருவியிலேயே சிக்னலை வலுவாக்கும் சுற்று) இல்லாத பீசோவுக்கு 10 மெகா ஓம் டிஐ தேடுங்கள். ஈக்யூவில் பேஸைத் திருகிச் சரிக்கட்டப் பார்த்தால் மேடை அதிர்வும் சேர்ந்து ஏறும்.

இணைக்கும்போது முதலில் அந்தச் சேனலை மியூட் செய்யுங்கள். கருவியிலிருந்து டிஐ வரை ஜாக் கேபிள் 3 முதல் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளத்தை டிஐயிலிருந்து மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் கேபிள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஆம்ப்புக்கு, சிக்னலை அப்படியே வெளியே விடும் டிஐயின் 'த்ரூ' ஜாக்கிலிருந்து எடுங்கள். ஆக்டிவ் டிஐ என்றால் மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவரைப் போட்டுச் சில விநாடி பொறுத்து, பிறகு மியூட்டை எடுங்கள். கெயினைக் கருவியின் உச்ச சத்தத்தில் சரிசெய்யுங்கள். அப்போதும் சிதறினால் மட்டும் டிஐயின் 20 டெசிபல் பேட், அதாவது சிக்னலைக் குறைக்கும் சுவிட்சைப் போடுங்கள்.

ஹம் (ஓயாத 'ம்ம்' ஒலி) வந்தால் உடனே டிஐயின் கிரவுண்ட் லிஃப்டை, அதாவது கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை, தட்டாதீர்கள். முதலில் ஆம்ப்புக்குப் போகும் கேபிளைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது ஆம்ப், மிக்ஸர் இரண்டின் கிரவுண்டும் சேர்ந்து உண்டாக்கும் சுற்று. லிஃப்ட் போட்டால் தீரும். நிற்காமல், கிட்டாரைத் திருப்பத் திருப்பக் கூடிக் குறைந்தால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் பிடிக்கும் ஹம்; லிஃப்ட் உதவாது. சில ஆக்டிவ் டிஐகளில் லிஃப்ட் போட்டதும் ஃபான்டம் அறுந்து ஒலியே நின்றுவிடும், அதற்குப் பேட்டரிதான் வழி. ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். கிட்டார் கம்பியைத் தொடும் கையில் ஷாக் அடிக்கலாம், உயிருக்கே ஆபத்து.

எலெக்ட்ரிக் கிட்டாரை வெறும் டிஐயில் கேட்டால் கீச்சென்று இருப்பதற்கு டிஐ காரணமில்லை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும், இங்கே அந்த ஸ்பீக்கர் கிடையாது. டிஐக்கு முன்னால், ஸ்பீக்கரின் ஓசையைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேட்டர் போடுங்கள்.