முதுகுப்பையோடு ஒரு மலைப் படுகைக்கு: சியரா நெவாடாவில் முதல் பயணத்தைத் திட்டமிடும் விதம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா வரைபடத்தை விரித்தால் டூசி பேசின், ஹம்ஃப்ரீஸ் பேசின், எவல்யூஷன் பேசின், சிக்ஸ்டி லேக் பேசின் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். பேசின் என்றால் படுகை; இவையெல்லாம் பழைய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். சுற்றிலும் சிகரங்கள், நடுவில் கிரானைட் பாறையும் ஏரிகளும் கொஞ்சம் புல்லும். மரங்கள் சுமார் 3,300 மீட்டரோடு நின்றுவிடுவதால் எதுவும் பார்வையை மறைக்காது, பாதையை விட்டு விலகி இஷ்டத்துக்குச் சுற்றலாம். இங்கே போவதன் சுகமே அதுதான்.

என் முதல் திட்டத்தில் நாலு நாளில் மூன்று பேசின் இருந்தது. தாளில் அழகாகத்தான் தெரிந்தது. நடந்தது என்னவென்றால், தினமும் காலையில் கூடாரத்தைச் சுருட்டி, ஒரு கணவாய் ஏறி, இறங்கி, இருட்டும் நேரத்தில் மறுபடி கூடாரம் அடித்துப் படுத்தேன்; எந்தப் பேசினுக்குள்ளும் ஒரு முழுப் பகல் இருக்கவில்லை. அதனால் இங்கே சொல்வது ஒரே ஒரு பேசினுக்கான திட்டம்: உள்ளே போய், ஒரே இடத்தில் கூடாரம் அடித்து, இரண்டு ராத்திரி தங்கி, நடுநாளில் சின்னப் பையோடு சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்புவது.

படி 1: பேசினை அல்ல, கணவாயைத் தேர்ந்தெடுங்கள்

கிழக்குப் பக்கத்திலிருந்து போனால் பெரும்பாலும் மலை முகட்டைத் தாண்டித்தான் பேசினுக்குள் இறங்க முடியும். அந்த ஏற்றம் உங்களால் ஆகுமா என்பதுதான் முதல் கேள்வி, ஏரி எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம்.

ஹம்ஃப்ரீஸ் பேசினுக்கு நார்த் லேக்கிலிருந்து பையூட் கணவாய் வழியாகப் போகலாம். கணவாயின் உயரம் 3,482 மீட்டர், தூரம் சுமார் 8 கிலோமீட்டர். வண்டி நிறுத்தும் இடம் பாதை தொடங்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது, அந்த நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் நிதானமானது, உள்ளே பரந்த வெளி, டெசலேஷன் லேக் வரை மேடுபள்ளம் குறைவு. முதல் தடவை என்றால் என் ஓட்டு இதற்குத்தான், காற்று வீசினால் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடைக்காது என்றாலும்.

டூசி பேசினுக்கு சவுத் லேக்கிலிருந்து பிஷப் கணவாய், 3,649 மீட்டர், சுமார் 9.5 கிலோமீட்டர். கொஞ்சம் கடினம், ஆனால் பாலிசேட் சிகர வரிசை அருகிலேயே நிற்கும்.

எவல்யூஷன் பேசின் பெயரைப் பார்த்தே ஆசை வரும். 1895இல் தியோடர் சாலமன்ஸ் என்ற மலைப் பயணி அங்குள்ள சிகரங்களுக்கு டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ், ஸ்பென்சர், ஹேக்கல், ஃபிஸ்க் என்று பரிணாமச் சிந்தனையாளர்களின் பெயர்களை வைத்தார். ஆனால் பாதை வழியாகப் போக நாள்கணக்கில் நடை. சிக்ஸ்டி லேக் பேசினுக்கு ஆனியன் வேலியிலிருந்து போனால் கியர்சார்ஜ், கிளென் என்று இரண்டு கணவாய்கள். இந்த இரண்டு பேசின்களையும் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தூரத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தப் பகுதித் தாள்களில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 40 அடிக்கு ஒன்று, அதாவது சுமார் 12 மீட்டர். உயரமெல்லாம் அடியில் இருக்கும், ஆயிரம் அடி ஏறக்குறைய 305 மீட்டர் என்று மனதில் வைத்தால் போதும். கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்து, விலகிக் கிடந்தால் கூடாரம் போட இடம் இருக்கலாம். தாளில் ஒரு பிரதி, கைபேசியில் ஒரு பிரதி. மேலே சிக்னல் இருக்காது என்பதால் வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

நேரத்துக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பிஷப் கணவாய்க்குப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு இரண்டு மணி, சுமார் 660 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணிக்குச் சற்று மேல், ஆக மொத்தம் மூன்று. ஆனால் இது சுமை குறைந்த, பழகிய கால்களுக்கான கணக்கு. முதுகில் 15 கிலோ, மெல்லிய காற்று, நடுநடுவே மூச்சு வாங்கல் எல்லாம் சேர்ந்தால் அது ஐந்து, ஆறு மணி ஆகிவிடும். அப்புறம் ஏரிக்கு இறங்க இன்னும் ஒரு மணி. காலை 7 மணிக்குக் கிளம்பினால்தான் நிதானமாகப் போய்ச் சேரலாம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

படி 3: எந்த மாதம்

ஜூனில் கணவாய்களில் பெரும்பாலும் பனி கிடக்கும். 2017, 2023 போல அதிகமாகப் பனி பெய்த வருடங்களில் ஜூலை தாண்டியும் கிடந்தது. ஜூலையில் பனி உருகி ஓடைகள் பெருகும் (மாலையில்தான் அதிகம், அதனால் ஓடையைக் காலையில் கடப்பது நல்லது), கூடவே கொசு. ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத அளவுக்குக் கொசு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழையும் வரும், மரமில்லாத வெளியில் மின்னல் விளையாட்டல்ல, மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும்தான் எனக்குப் பிடித்த காலம். ராத்திரி தண்ணீர் உறையலாம், ஆனால் கொசு அநேகமாக இருக்காது. காட்டுத்தீப் புகை வரக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன்னால் அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: பெர்மிட்

ராத்திரி தங்க பெர்மிட் கட்டாயம். நார்த் லேக், சவுத் லேக் இரண்டுமே இன்யோ தேசிய வனத்தின் கீழ் வருகின்றன. டூசி பேசின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் இருந்தாலும், நீங்கள் நுழைவது எங்கேயோ அங்கே வாங்கிய பெர்மிட் போதும். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் பாதையின் பெயரையும் நுழையும் தேதியையும் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. அதில் 60 சதவீதம் ஆறு மாதம் முன்னாலும், மீதி 40 சதவீதம் இரண்டு வாரம் முன்னாலும் திறக்கும். சனிக்கிழமை கிடைக்கவில்லையா, செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்.

எரிவாயு அடுப்பு பயன்படுத்தவும் கலிபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் தேவை, அது இலவசம். பேசின்களில் விறகு மூட்டித் தீ வளர்க்க அனுமதி இல்லை, மூட்ட விறகும் இல்லை.

படி 5: உடம்பைப் பழக்குங்கள்

3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கடலோரத்திலிருந்து வண்டி ஓட்டி வந்து அன்றே கணவாய் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஆச்சரியமில்லை. முந்தின ராத்திரி 2,800 மீட்டர் அளவில் உள்ள கேம்ப் மைதானம் எதிலாவது தூங்குங்கள். இந்த ஒரு ராத்திரியைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், நானும் பிடித்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், ஓய்விலும் மூச்சுத் திணறல் என்று போனால் காத்திருக்காமல் இறங்குங்கள். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

படி 6: சாப்பாடும் கரடி டப்பாவும்

டூசி பேசினில் உணவை அங்கீகரிக்கப்பட்ட கரடி டப்பாவில்தான் (கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா) வைக்க வேண்டும். மரத்தில் தொங்கவிட மரமே கிடையாது. டப்பா காலியாகவே ஒரு கிலோ இருக்கும். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன் என்று வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும், அதனால் வீட்டிலேயே ஒரு தடவை அடைத்துப் பாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு மாதிரி நேரம் எடுப்பவை வேகவே வேகாது. வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடும் உணவு போதும்.

படி 7: உள்ளே போன பிறகு

கூடாரம் தண்ணீரிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, புல்லில் அல்ல, மணலிலோ பாறையிலோ. மலம் கழிக்க 60 மீட்டர் தள்ளிப் போய் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடவும், காகிதத்தைப் பையில் போட்டு எடுத்து வந்துவிடவும்.

நடுநாளை முன்கூட்டியே நிரப்பாதீர்கள். டூசியில் நேப்சாக் கணவாய் வரை போய், அந்தப் பக்கம் பாலிசேட் பேசினை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பாதை இல்லை, பாறைகளில் கால் வைத்து ஏற வேண்டும். கிளம்பும்போது அடிக்கடி திரும்பிப் பாருங்கள், வரும்போது எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான் தெரியும். மழை மேகம் திரண்டால் விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: எந்தப் பாதை, எந்த பேசின், வண்டி எண், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அழைக்க வேண்டும். டூசி பேசின் என்றால் அது தேசியப் பூங்காவுக்குள் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள், யார் தேடி வருவார்கள் என்பது அதைப் பொறுத்தது. அந்த நேரத்தைக் கணக்கிட்ட நேரத்துக்குச் சில மணி தள்ளியே போடுங்கள். நான் ஒரு தடவை இறுக்கமாகப் போட்டுவிட்டு, சவுத் லேக்கில் சிக்னல் இல்லாமல், பிஷப் ஊருக்குள் வரும்வரை வண்டியில் பதறிக்கொண்டே வந்தேன்.