ஓவர்க்ளாக் செய்ய மதர்போர்டு: பெட்டியில் அச்சடித்த எண்ணை ஓரம் வையுங்கள்

ஓவர்க்ளாக் என்றால் சிபியுவை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. விலை கூடிய போர்டு என்றால் அதற்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். கொடுத்த காசில் கணிசமான பங்கு ஆர்ஜிபி விளக்குக்குப் போனது பிறகுதான் புரிந்தது. இன்டெல் இசட்790 போர்டையும் ஐ9-13900கே சிபியுவையும் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: சிப்செட்

'கே' எழுத்துள்ள சிபியு, 'இசட்' வரிசை சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்), இரண்டும் வேண்டும். பி760 போர்டில் ரேம் வேகத்தைக் கூட்டலாம். சிபியு வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையரைக் கூட்ட முடியாது.

படி 2: விஆர்எம்

சிபியுவுக்குத் தேவையான வோல்டேஜில் மின்சாரம் கொடுக்கும் பகுதி இது; ஃபேஸ் எனும் பிரிவுகள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளும். "16 ஃபேஸ், 90 ஆம்பியர்" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பெருக்கினால் 1440 ஆம்பியர். 13900கே-யின் உச்ச டர்போ அளவு 253 வாட். 1.25 வோல்ட்டில் அது சுமார் 200 ஆம்பியர்தான். ஓவர்க்ளாக் செய்து 350 வாட் இழுத்தாலும் 300ஐத் தாண்டாது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, விஆர்எம் சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட்சிங்கைப் பாருங்கள். காற்று புகும் இடுக்குகள் உள்ளதா, வெறும் பெயின்ட் அடித்த கட்டியா? நம் ஊர் சித்திரையில் ஏசி இல்லாத அறையில் இது நன்றாகவே தெரியும்.

படி 3: ரேம் ஸ்லாட்

ஆசுஸ் மேக்சிமஸ் இசட்790 ஏபெக்ஸில் இரண்டே ஸ்லாட். சிக்கனம் இல்லை: ஸ்லாட் குறைந்தால் சிக்னல் போகும் பாதை சுருங்கும், காலி ஸ்லாட்டில் பட்டு எதிரொலிக்காது, டிடிஆர்5 வேகம் ஏறும். ரேம் வேகம்தான் குறி என்றால் இதைத்தான் வாங்குவேன். 48 ஜிபி குச்சி இரண்டு போட்டாலே 96 ஜிபி ஆகிவிடும்.

படி 4: பட்டன்கள்

பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை அழித்துப் பழையபடி ஆக்கும் க்ளியர் சிமாஸ், யுஎஸ்பி வழியே பயோஸை ஏற்றும் பயோஸ் ஃப்ளாஷ்பேக், பிழை எண் காட்டும் குட்டித் திரை. மூன்றும் இருக்கட்டும்.

படி 5: சோதனை

முதல் வேலை பயோஸ் அப்டேட். 13, 14ஆம் தலைமுறை சிப்கள் கூடுதல் வோல்டேஜால் பழுதான கதை தெரியுமல்லவா? 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயோஸ் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு எதையும் மாற்றாமல் சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ அரை மணி நேரம் ஓடவிட்டு, சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் விஆர்எம் வெப்பத்தைக் குறியுங்கள். 90 டிகிரிக்குள் நின்றால் எனக்குத் திருப்தி.

படி 6: லோட்லைன்

போர்டின் தரம் வெளிப்படுவது இங்கேதான். பயோஸில் 1.35 வோல்ட் வைக்கிறீர்கள். லோடு, அதாவது சிபியுவின் வேலைப்பளு, ஏறியதும் அது சரியும். இன்டெல் கணக்கான 1.1 மில்லிஓம் மின்தடையில் 200 ஆம்பியர் ஓடினால் 0.22 வோல்ட் இறங்கும், சிபியுவுக்குக் கிடைப்பது 1.13தான். இந்தச் சரிவைப் பிடித்து நிறுத்துவது லோட்லைன் கேலிபிரேஷன். முழுக்க இறுக்கினால் லோடு விடும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும். அது சிப்புக்குக் கேடு. நடு அளவில் வையுங்கள்.

ஒரு பொறி: ஆசுஸில் லோட்லைன் கேலிபிரேஷன் எண் கூடினால் இறுகும், எம்எஸ்ஐயில் எண் குறைந்தால் இறுகும். ஒரு போர்டில் பழகிய எண்ணை இன்னொன்றில் அப்படியே போட்டு, விண்டோஸ் ஏன் வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

சினிபெஞ்ச் ஓடும்போது விஐடியைப் பார்க்காதீர்கள்; அது சிபியு கேட்கும் வோல்டேஜ். கிடைப்பது விகோர். அது ஆடாமல் நின்றால் மல்டிபிளையரை ஒன்று கூட்டுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவின் கடைசியில் உள்ள வீயா (WHEA, விண்டோஸ் பதியும் ஹார்ட்வேர் பிழை) எண்ணிக்கை 0 என்றே இருந்தால் இன்னும் ஒன்று. 1 வந்துவிட்டதா, ஒரு படி இறங்குங்கள்.