பழைய நிலக்கரி ஊரில் வீடு வாங்குகிறீர்களா? முதலில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வார இறுதியில் இங்கே சிங்கப்பூரில் ஏதாவது ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பிரிட்டன் வீட்டு விற்பனைக் கண்காட்சி நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஷெஃபீல்ட், நாட்டிங்ஹம், லீட்ஸ், நியூகாசல் என்று ஊர்ப் பெயர்களை அடுக்குவார்கள். பிள்ளை அங்கேதானே படிக்கப் போகிறாள், மூன்று வருடம் வாடகை கொடுப்பதற்குப் பதில் ஒரு வீடே வாங்கிவிடலாமே என்று நம்மவர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். வாடகை எவ்வளவு வரும், பல்கலைக்கழகம் எத்தனை நிமிட நடை என்றெல்லாம் முகவர் சொல்வார். அந்தத் தெருவுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக நிலக்கரி தோண்டியிருக்கிறார்கள் என்பதை அவராகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

கைவிட்ட சுரங்கங்களில் நிரம்பும் நீர் சில வீடுகளுக்குள் தரை வழியாக ஏறி வரலாம், அதுதான் இங்கே கவலை. பிரிட்டனில் ஏறக்குறைய நாலில் ஒரு கட்டடம் நிலக்கரிப் பகுதியில்தான் நிற்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்ததில்லை. ஆகவே, நிலக்கரி என்ற சொல்லைப் பார்த்ததுமே ஓட வேண்டாம். எந்த வீட்டில் வரும், எதில் வராது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்கள் உள்ளே இறங்கி வேலை செய்வதற்காக இரவு பகலாகப் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடியதும் பெரும்பாலான இடங்களில் அந்தப் பம்புகளும் நின்றன (கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது). கிணற்றில் இறைப்பதை நிறுத்தினால் பழையபடி ஊறி நிரம்புமே, அதேதான், ஆனால் இங்கே நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகும். மேலே வந்த தண்ணீர் பழைய செங்குத்துக் குழி, மலைச்சரிவில் வெட்டிய வடிகால் வாய், பாறை வெடிப்பு என்று எது தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியேறப் பார்க்கும். பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கரைவதால் இரும்பும் கலந்து, வெளியே வரும்போது துருநிறச் சேறாகப் படியும். ஓடை ஆரஞ்சு நிறமாக இருந்தால் அங்கே சுரங்க நீர் வருகிறது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம்.

நமக்குத் தெரிந்த வெள்ளம் வேறு மாதிரி. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் வந்ததே, கொட்டியது, ஏறியது, சில மணி நேரத்தில் வடிந்தது. நிலத்தடி நீர் மழை விட்டு வாரக்கணக்கான பிறகு, வெயில் அடிக்கிற நாளில்கூடத் தரை வழியாக மேலே வரும், வந்தால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். வாசலில் மணல் மூட்டை அடுக்கினாலும் அதைத் தடுக்க முடியாது. அடைப்பு இருந்தால் திடீரென்றும் பீறிடும்: 2021 ஜனவரி 21-ஆம் தேதி, கிறிஸ்டோஃப் புயல் மழையின்போது, வேல்ஸில் ஸ்வான்சிக்குப் பக்கத்திலுள்ள ஸ்கியூவனில் பழைய சுரங்கத்துக்குள் தேங்கிய நீர் வெடித்து வெளியேறித் தெருவெல்லாம் ஓடியது, சுமார் 80 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலில் வரைபடம். பிரிட்டிஷ் அரசு இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் இங்கிலாந்து வீடுகளின் நீண்டகால வெள்ள அபாயம் வரும், வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனி தளங்கள் உண்டு. அதில் ஆறு, கடல், மழைநீர் எல்லாம் விரிவாக இருக்கும், நிலத்தடி நீருக்கு ஒரு வரிதான். அதோடு நிறுத்திவிடாமல் பழைய சுரங்கங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான மைனிங் ரெமடியேஷன் அத்தாரிட்டியின் வரைபடத்தையும் திறந்து பாருங்கள், 2024 நவம்பர் வரை கோல் அத்தாரிட்டி என்று இருந்த அதே அமைப்புதான். பழைய குழிகளின் வாய் எங்கே, ஆழம் குறைந்த தோண்டல் எங்கே என்று அதில் தெரியும். இது இரண்டையும்விட எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனம்) வரைபடங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய தாளையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு அருகே 'கோலியரி' (நிலக்கரிச் சுரங்கம்), 'ஓல்ட் ஷாஃப்ட்' (பழைய செங்குத்துக் குழி), 'லெவல்' (கிடைமட்டச் சுரங்கவழி), 'ஸ்பிரிங்' (ஊற்று), 'வெல்' (கிணறு) என்று எழுதியிருக்கிறதா, வீடு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். மேட்டில் இருக்கும் வீட்டைவிட, சரிவு முடியும் இடத்தில் நிலவறையோடு இருக்கும் பழைய தொடர்வீடு பல மடங்கு கவனிக்க வேண்டியது.

அடுத்தது, வழக்கறிஞரிடம் கான் 29 எம் என்ற சுரங்கத் தேடல் அறிக்கையைக் கேளுங்கள். 20 மீட்டருக்குள் குழிவாய் இருக்கிறதா, நிலம் தாழ்ந்ததற்காக இதற்குமுன் யாராவது இழப்பீடு கேட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரும். வெள்ள அபாயத்துக்கு அது போதாது, நிலத்தடி நீரையும் சேர்த்துச் சொல்லும் சுற்றுச்சூழல் தேடல் அறிக்கையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

வீட்டை நேரில் பார்க்க முடியாவிட்டால் பிள்ளையை அனுப்பி வீடியோ அழைப்பில் பாருங்கள். வரவேற்பறையைக் காட்டி நேரத்தைப் போக்க வேண்டாம், நேராக நிலவறைக்குப் போகச் சொல்லுங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வெள்ளை உப்புக்கோடு, துருநிறக் கறை, கீழ் ஒரு மீட்டருக்கு மட்டும் புதுப் பூச்சு, மின்சாரப் பிளக் எல்லாம் வழக்கத்தைவிட உயரத்தில், மூலையில் ஒரு குழியும் அதில் பம்பும், இவற்றில் எது இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். பம்ப் இருப்பது கெட்ட சேதி என்று நினைக்க வேண்டாம், பிரச்சினை தெரிந்து சமாளிக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பேட்டரி இருக்கிறதா என்பது முக்கியம், புயலில் கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள், எந்த அறிக்கையிலும் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கண்காட்சியில் விற்பது பெரும்பாலும் புது அடுக்குமாடி. நான்காவது மாடியில் தண்ணீர் வராதுதான். ஆனால் மின்தூக்கிக் குழி, மின்சார அறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் கீழே இருந்தால் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணமாக உங்களிடமும் வரும்.

காப்புறுதியில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். 'வெள்ளம்' என்று எழுதியிருந்தாலும், நிலத்தடி நீர்மட்டம் மெல்ல உயர்ந்து ஏற்படும் சேதத்தைச் சில நிறுவனங்கள் விலக்கிவிடும், ஆகவே நிலத்தடி நீரும் சுரங்க நீரும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். வெள்ள அபாய வீடுகளுக்குக் கட்டணம் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் ஃபிளட் ரீ திட்டம் 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்குக் கிடையாது, இங்கே இருந்துகொண்டு வாடகைக்கு விடுபவரின் கட்டடக் காப்புறுதிக்கும் பொதுவாகக் கிடைக்காது. சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து வீடு விரிசல் விட்டால் 1991 சட்டப்படி இழப்பீடு உண்டு, சுரங்க நீர் புகுந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள்.

தண்ணீர் வந்தேவிட்டால், பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது: நிலவறைக்குள் இறங்காதே. ஒன்று மின்சாரம். இன்னொன்று, நீர் ஏறும்போது பழைய சுரங்கத்தில் தங்கிய காற்றையும் மேலே தள்ளும். அதில் கரியமில வாயு அதிகம், ஆக்சிஜன் குறைவு, வாசனையே இருக்காது. தலைவலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும். பிறகு மைனிங் ரெமடியேஷன் அத்தாரிட்டியின் 24 மணி நேர எண்ணுக்கும் உள்ளூர் கவுன்சிலுக்கும் சொல்லுங்கள், இங்கிலாந்தில் நிலத்தடி நீர் வெள்ளத்தைக் கவனிப்பது 2010 சட்டப்படி கவுன்சிலின் பொறுப்பு.

அவசரப்பட்டு இறைக்கவும் கூடாது. வெளியே மண்ணில் நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது நிலவறையைக் காலி செய்தால், வெளியழுத்தத்தில் சுவரே உள்ளே சரியலாம். வெளியே இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். செங்கல் சுவர் உலரப் பல மாதம் ஆகும், அதற்குள் ஒப்பந்தக்காரர்கள் பூச்சு வேலையை முடித்துக் காசு வாங்கிப் போகப் பார்ப்பார்கள். ஈரமானியில் அளந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்த பிறகு பணம் அனுப்புங்கள்.